அக்கா அனுப்பிய வெளிச்சம்

கேள்வி: நான் இலங்கையின் மலைநாட்டில் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். பாடசாலை ஆசிரியை, வயது 38. காலை நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஆறேகால் பஸ்ஸைப் பிடிப்பேன். இரவில் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் மழையும் மூடுபனியும்தான். பத்து நாள் சேர்ந்தாற்போல் சூரியனைப் பார்க்காமல் இருப்போம். அந்த மாதங்களில் எனக்கு உடம்பு கல்லாகக் கனக்கிறது. எதிலும் பிடிப்பில்லை, இனிப்பையே வாய் தேடுகிறது. டொரொன்டோவில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அங்கே குளிர்காலத்தில் பலர் பாவிப்பதாகச் சொல்லி இரண்டு விளக்குகளை அனுப்பியிருக்கிறார். ஒன்று, விடியலைப் போல மெல்ல மெல்லப் பிரகாசமாகி எழுப்புவது. மற்றது, தட்டையான வெள்ளைப் பலகை போன்ற விளக்கு. அதில் 10,000 லக்ஸ் என்று எழுதியிருக்கிறது. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு கிழமை பகல் என்றால் மறு கிழமை இரவு. இதைப் போட்டால் கண் போய்விடும் என்கிறார். உயர்தரம் படிக்கும் மகளோ இரவில் படிக்க நல்ல வெளிச்சம் என்று அதைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டாள். மாமிக்கு நீரிழிவு. அவரும் அதன் முன்னால் உட்காரலாமா? அக்கா சொல்லும் குளிர்கால நோய்தான் எனக்கும் வந்திருக்கிறதா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

மகளின் மேசையில் இருக்கும் விளக்கை இன்று மாலையே எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரி அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன், மகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். காரணம் தெரியாமல் பறித்தால் பிள்ளைகள் ஒளித்துவைத்துப் பாவிப்பார்கள். நம் விழித்திரையில் உருவங்களைப் பார்க்கும் உயிரணுக்களைத் தவிர, வெளியே பகலா இரவா என்று அறிவதையே வேலையாகக் கொண்ட இன்னொரு வகை உயிரணுக்களும் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றைச் சரியாக அடையாளம் கண்டதே 2002ஆம் ஆண்டளவில்தான். வானத்து நீலம் கலந்த வெளிச்சம்தான் அவற்றை அதிகம் உசுப்பும். அவை அனுப்பும் செய்தி மூளையின் அடியிலுள்ள ஒரு நரம்புக் கொத்துக்குப் போகிறது. அரிசி மணியைவிடச் சிறிய அந்தக் கொத்துதான் உடம்பின் தாய்க்கடிகாரம். எப்போது பசிக்க வேண்டும், எப்போது மெலடோனின் என்ற இரவுச் சுரப்பு இரத்தத்தில் கலக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்கு. இரவு பத்து மணிக்கு முகத்துக்கு நேரே அந்த வெள்ளைப் பலகை எரிந்தால், இன்னும் பொழுது சாயவில்லை என்றே தாய்க்கடிகாரம் எடுத்துக்கொள்ளும். மெலடோனின் அடங்கிப்போகும். கடிகாரமும் பின்னுக்கு நகரும். அன்றிரவு தூக்கம் பிந்தி வரும். மறுநாள் அதைவிடப் பிந்தும்.

இதே விளக்கை இரவுப் படிப்புக்குப் பாவித்த ஒரு மாணவனை அவனுடைய தாய் என்னிடம் அழைத்து வந்தார். இரவு இரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். காலையில் முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் எழுவதில்லை. பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று வீட்டார் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். விளக்கைக் காலைக்கு மாற்றினோம், இரவில் சாதாரண மஞ்சள் மின்குமிழ் போதும் என்றோம். மூன்றாவது கிழமையில் அவன் தானாகவே ஆறு மணிக்கு எழுந்தான். உங்கள் மகளுக்கும் இரவுப் படிப்புக்கு மஞ்சள் சாயலுள்ள மேசை விளக்கே போதும். கண் வலிக்காமல் எழுத்துத் தெரிந்தால் அதற்கு மேல் வெளிச்சம் தேவையில்லை. படித்தது மனத்தில் படிவது தூக்கத்தில்தான். பதினோரு மணிக்குக் கொப்பியை மூடிவைக்கும் பிள்ளை எதையும் இழக்கப்போவதில்லை.

இனி உங்கள் கணவரின் பயம். வெளிச்சத்தால் கண் போய்விடும் என்பது, கண்ணில் நோயில்லாத ஒருவர் நல்ல விளக்கை முறைப்படி பாவிக்கும்போது உண்மையல்ல. ஆனால் அவர் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230. இரண்டு விளக்குகளின் மின்கம்பியிலும் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருப்பினால் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் நாலைந்து வரிகள் இருக்கும். மகளின் இளங்கண்ணுக்கு அவை தெரியும். அங்கே 100 முதல் 240 வரை என்று இருந்தால் நம் நாட்டிலும் வேலை செய்யும். தட்டையான இரண்டு தகடுகள் கொண்ட செருகியை நம் துளைக்குப் பொருந்தவைக்கும் மாற்றுச் செருகி ஒன்று வாங்கினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் எக்காரணம் கொண்டும் செருக வேண்டாம். நொடியில் கருகிவிடும், தீயும் பிடிக்கலாம். அப்படியானால் மின்வேலை தெரிந்தவரிடம் காட்டி, விளக்குக்குத் தகுந்த மின்மாற்றி வைத்துத்தான் பாவிக்க வேண்டும். மகள் ஏற்கெனவே எரித்துப் படித்திருக்கிறாள் என்பதால் பலகை விளக்கு தப்பியது என்று ஊகிக்கிறேன். மற்றதைச் செருகுவதற்கு முன் கட்டாயம் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் இரண்டையும் கழற்றி வையுங்கள். மின்கட்டணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். 40 வாட் விளக்கு ஒன்றைத் தினமும் அரைமணி நேரம் எரித்தால் மாதத்துக்கு ஓர் அலகுகூட ஆகாது.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. அக்கா சொல்லும் நோய்க்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் இருந்த நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் அதை விவரித்து எழுதினார்கள். அவர் தென்னாபிரிக்காவில் வளர்ந்து வடக்கே குடிபெயர்ந்தவர். குளிர்காலம் வந்ததும் தன் உற்சாகம் வடிவதைத் தன்னிடமே கண்டவர். டொரொன்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஜூனில் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே வீடு திரும்பும் ஊரில் உடம்பின் கடிகாரம் குழம்புவதில் வியப்பில்லை. உங்கள் அக்கா அந்த விளக்கின் முன்னால் உட்காருவதற்கு அங்கே நியாயமான காரணம் இருக்கிறது.

நம் மலைநாடோ நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதிலும் நீங்கள் துவண்டுபோகும் ஜூன் மாதத்தில்தான் நமக்குப் பகல் மிக நீளம். ஆகவே கனடாவின் நோய்க்குள்ள காரணத்தை அப்படியே எடுத்து உங்களுக்குச் சூட்ட முடியாது. அதற்காக உங்கள் கனமும் சோர்வும் பொய் என்று சொல்ல மாட்டேன். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதும் அந்த மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். கதவைத் திறந்தால் சாரல் உள்ளே வரும் என்று மூடிவைப்போம். இருக்கும் ஒரு ஜன்னலிலும் பொலித்தீன் கட்டியிருக்கும். அடுப்புப் புகையில் சுவரெல்லாம் கறுத்திருக்கும். உடுப்புக் காயாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே மின்குமிழ் எரிய வேண்டும்.

அந்த இருட்டு எவ்வளவு இருட்டு என்று ஒரு முறை அளந்து பார்த்தேன். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீற்றர் தூரத்தில் தருவது ஏறத்தாழ ஒரு லக்ஸ். ஜூலையில் ஒரு காலை, மணி ஏழே கால் இருக்கும். எதிர்ப்பக்கத்துத் தேயிலை மலையே தெரியாத மூடுபனி. எங்கள் பழைய வீட்டுக் காம்பராவின், அதாவது உள்ளறையின், நடுவே வெளிச்சமானியை வைத்தேன், முப்பதைத் தாண்டவில்லை. இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், நின்றபோது அறுநூறு. குடையை விரித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கியதும் ஐயாயிரத்தைத் தாண்டியது. என் கண்ணுக்கு உள்ளும் வெளியும் அவ்வளவு வேறாகத் தெரியவில்லை. இரண்டுமே மங்கல் என்றுதான் தோன்றியது. கண் தன்னைச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடுகிறது. தாய்க்கடிகாரம் ஏமாறாது. அதற்கு முப்பது என்றால் இரவு, ஐயாயிரம் என்றால் பகல்.

அதனால்தான் விளக்கைப் பற்றிக் கேட்டு எழுதிய உங்களிடம் முற்றத்தைப் பற்றிப் பேசுகிறேன். மூடுபனி சூரியனை மறைக்கும், பகலை மறைக்காது. அக்காவின் ஊரில் ஜனவரிக் காலை ஏழு மணிக்கு வெளியே போனாலும் இருட்டுத்தான். உங்களுக்கு வாசற்படியைத் தாண்டினால் போதும். ஆறேகால் பஸ்ஸுக்கு நிற்கும்போது வெளிச்சம் போதாது, அது இப்போதுதான் விடிந்த நேரம். பாடசாலைக்குப் போனதும் காலைக் கூட்டத்தை மண்டபத்துக்குள் நடத்தாமல், மழை விட்டிருக்கும் நாட்களில் மைதானத்தில் நடத்தச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் நல்லது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்காராமல் குடையோடு இருபது நிமிடம் நடங்கள். ஓகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளைப் பக்கம் உறவினர் யாரும் இருந்தால் நாலு நாள் போய் வாருங்கள். நானுஓயாவில் சாரலோடு ஏறுகிற ரயில் பட்டிப்பொலவைத் தாண்டிச் சுரங்கத்தைக் கடந்ததும் பளீரென்ற வெயிலுக்குள் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். மலைக்கு அந்தப் பக்கத்தில் அப்போது வறண்ட காலம்.

இதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையான வைத்தியர் அல்ல. நீங்கள் பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறீர்கள். ஐந்து மணி நேரம். உங்கள் வயதில் ஒருவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். கடனாகிப்போன தூக்கத்தை எந்த விளக்காலும் அடைக்க முடியாது. உடம்பு கனப்பதும் இனிப்பைத் தேடுவதும் தூக்கம் போதாத உடம்பு காட்டும் குறிகளாகவும் இருக்கும். கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். சமைப்பது நீங்கள், படிப்பிப்பது நீங்கள், கடைசியாகப் படுப்பதும் நீங்கள். பகல் வேலைக் கிழமையில் உங்கள் கணவர் காலைச் சோற்றை வடிக்கட்டும். மகள் இரவிலேயே தேங்காய் துருவி, மரக்கறி வெட்டி வைக்கட்டும். இதை நீங்கள் கேட்கத் தயங்குவீர்கள் என்று தெரிந்துதான் பத்திரிகையில் எழுதுகிறேன். பத்தே காலுக்குப் படுத்து ஐந்தே காலுக்கு எழும் ஏற்பாடு இரண்டு கிழமைக்குள் நடந்தால், உங்கள் நோயில் பாதி போய்விடும் என்று நம்புகிறேன்.

அப்படியானால் இந்த விளக்குகள் வீணா என்று கேட்பீர்கள். இல்லை. விடியுமுன்னே எழுந்தாக வேண்டிய உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் உதவும்.

விடியல் விளக்கை எடுத்துக்கொள்வோம். என் பாட்டி காலத்தில் இருட்டோடு தப்படித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு, எழுப்புவார்கள். பிறகு அலாரக் கடிகாரம் வந்தது, இப்போது கைபேசி. எல்லாமே ஆழ்ந்த தூக்கத்தின் தலையில் அடித்து எழுப்புபவை. அப்படி எழுந்தால் அரைமணி நேரத்துக்கு மூளை மந்தமாக இருக்கும், அடுப்படியில் கை சுடுவதும் அந்த நேரத்தில்தான். விடியல் விளக்கு, எழ வேண்டிய நேரத்துக்கு அரைமணி முன்னதாகச் செம்மஞ்சளாகக் கசியத் தொடங்கி மெல்ல வெளுக்கும். முழுப் பிரகாசத்திலும் இருநூறு, முந்நூறு லக்ஸ்தான் இருக்கும். மூடிய இமை வழியே அது உள்ளே போய் உடம்பை மெல்லத் தயார்ப்படுத்துகிறது. எழுந்தவுடன் இருக்கும் மந்தம் குறைவதாகப் பாவிப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். முகத்திலிருந்து அரை மீற்றர் தூரத்தில், தலையின் உயரத்துக்கு வையுங்கள். முதல் கிழமை கைபேசி அலாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மின்கலம் இல்லாத விளக்கானால் இரவில் கரண்ட் போனதும் நேரத்தை மறந்துவிடும்.

ஆனால் ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்காக விடியும் விளக்கு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் விடியும். இரவு வேலை முடித்து வந்தவருக்கோ, பதினோரு மணிவரை படித்த பிள்ளைக்கோ அது அநியாயம். அப்படியானால் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்து, உங்கள் பக்கம் மட்டும் விழும்படி ஒரு கடதாசி மட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். விளக்கின் மேல் துணி போட வேண்டாம். அதுவும் சரிவராவிட்டால் இந்த விளக்கை மகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அவளுக்குத்தான் அதிகம் பயன்படும்.

கனடாவில் அக்கா இல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 9 வாட் எல்ஈடி மின்குமிழ் ஒன்று சுமார் 800 லுமென் தரும் (குமிழ் எல்லாப் பக்கமும் விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது). அரை மீற்றர் தூரத்தில் அதுவே இருநூறு, முந்நூறு லக்ஸ். நேரம் வைத்து எரியவிடும் செருகி ஒன்றோடு இணைத்து, எழும் நேரத்துக்குக் கால் மணி முன்னதாகச் சுவரை நோக்கி எரியவிடலாம். மெல்ல விடியாது என்பது குறைதான், ஆனால் செலவு மிகக் கொஞ்சம்.

இனிப் பலகை விளக்கு. அதில் 10,000 லக்ஸ் என்று எழுதியிருப்பது குறிப்பிட்ட ஒரு தூரத்தில் கிடைக்கும் அளவு. கூடவந்த தாளில் அந்தத் தூரம் இருக்கும், பெரும்பாலும் இருபது முதல் நாற்பது சென்ரிமீற்றருக்குள். அலுமாரியின் மேல் வைத்துவிட்டு அறையில் நடமாடினால் ஒரு பயனும் இல்லை. கொஞ்சம் விலகினாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். நீங்கள் காலையில் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதோ உட்காருவதோ எப்போது என்று யோசித்தேன். ரொட்டிக்கு மாவு குழைத்துத் தட்டும்போதுதான். அந்த மேசையில், அடுப்புக்கும் தண்ணீருக்கும் எட்டாமல், மாவுத் தட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் விளக்கை நிறுத்துங்கள். கண் திறந்திருக்க வேண்டும், விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. கண் மாவில் இருக்கட்டும், வெளிச்சம் முகத்தில் விழட்டும். வெறும் தேநீரையும் அங்கேயே குடித்துவிடுங்கள். முதல் நாலைந்து நாள் பத்து நிமிடம், பிறகு இருபது, அதன்பின் முப்பது. அதற்கு மேல் வேண்டாம். தலையிடி, கண் உளைச்சல், குமட்டல், காரணமில்லாத எரிச்சல் வந்தால் நேரத்தைக் குறையுங்கள். இரண்டு நாளில் அடங்காவிட்டால் நிறுத்துங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு கவனம். உடம்பின் நள்ளிரவு, அதாவது உடல்வெப்பம் மிகத் தாழும் வேளை, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னே இருக்கிறது. அந்த வேளைக்குப் பிறகு விழும் பிரகாசமான வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும், அதற்கு முன்னால் விழுந்தால் பின்னுக்கு இழுக்கும். வாரம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும் உங்களுக்கு ஐந்தரைக்குப் பலகை விளக்கு சரி. ஞாயிற்றுக்கிழமை விட்டால் எட்டரைவரை தூங்கும் மகளை நாலரைக்கு எழுப்பி அதன் முன் உட்காரவைத்தால் எதிர்மாறாகத்தான் வேலை செய்யும். அவளுக்கு முதலில் ஏழு மணி. பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னே கொண்டு வாருங்கள்.

சுவர்க்கடிகாரம் சொல்வதை உடம்பு உடனே கேட்டுக்கொள்ளாது என்பதை நம் நாடு ஒருமுறை அனுபவித்தே அறிந்தது. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி திருப்பினார்கள், மீதி அரைமணி 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக்கொண்டே இருந்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் இருட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்ததும், முதல் பாடத்தில் தூங்கி விழுந்ததும் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மாமியை அந்த விளக்கின் முன்னால் இப்போதைக்கு உட்காரவைக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதடைந்திருக்கக்கூடும். அது வெளியே தெரியாது. கண் கிளினிக்கில் விழித்திரையைச் சோதித்து, பாவிக்கலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகே அந்தப் பேச்சு. ஆண்டுக்கொரு முறை அந்தச் சோதனை எப்படியும் அவருக்கு வேண்டும், போன வருடம் செய்யாவிட்டால் இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள். எலும்புக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும் தவறு. நல்ல விளக்குகளில் புறஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்கும், அதனால் விற்றமின் டி கிடைக்காது. வயதானவர்கள் பலரைப் போல அவரும் ஏழு மணிக்கே தூங்கி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்பவரானால், பின்னேரம் நாலு மணியிலிருந்து பொழுது சாயும்வரை இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்தி உட்காரவையுங்கள். மாலை வெளிச்சம் அவருடைய தூக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடும்.

கணவருக்கு வருகிறேன். ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு என்று மாறுகிற வேலையில் உடம்பு எந்தப் பக்கமும் முழுதாகத் திரும்புவதில்லை. திரும்பும்போதே கிழமை முடிந்துவிடும். விளக்கால் அவருக்குக் கிடைக்கும் உதவி கொஞ்சம்தான். இரவு வேலைக்குப் புறப்படுமுன் ஒரு குட்டித் தூக்கமும், காலையில் திரும்பியதும் இருட்டான அறையும்தான் அவருக்கு மருந்து. ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி போடுங்கள். மூடுபனிக் காலத்தில் வெளிச்சம் இல்லாத வீட்டைப் பற்றி நாம் வருந்துகிறோம், அவருக்கு மட்டும் அது வரம். இரவு வேலை முடிந்து வருபவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து வெளிச்சத்தைத் தவிர்க்கலாம் என்று வெளிநாட்டு ஆலோசனைகளில் பார்ப்பீர்கள். தூக்கக் கண்ணோடு மோட்டார் சைக்கிளில் நம் வளைவுப் பாதையில், அதுவும் மூடுபனியில் வருபவர் அதைச் செய்யவே கூடாது. நடந்து வருபவரானால் சரி.

இன்னும் சில எச்சரிக்கைகள். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் நாள்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்து, பணத்தை வாரியிறைத்து, பேச்சை நிறுத்த முடியாமல் போன வரலாறு உங்களுக்கோ மகளுக்கோ இருந்தால் மனநல வைத்தியரைக் கேட்காமல் பலகை விளக்கைத் தொட வேண்டாம். அந்த நோயை அது தூண்டிவிடலாம். டொக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், குருதி அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை உடம்பை வெளிச்சத்துக்குக் கூசச் செய்பவை. எடுத்துக்கொண்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரசவ வார்டில் மஞ்சள் காமாலைக் குழந்தைகளுக்கு வைக்கும் நீல விளக்கும், நோவுக்குப் பிடிக்கும் சிவப்பு விளக்கும் வேறு வேலைக்கானவை. மலிவாகக் கிடைக்கிறதென்று அவற்றை முகத்துக்குப் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் எதிலும் பிடிப்பில்லை என்ற சொல். மலையகப் பெண் ஒருவர் சோர்வு என்று வந்தால் நான் முதலில் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்ப்பேன், வெளிறியிருந்தால் இரத்தச்சோகை. தைரொய்ட் சுரப்பி மந்தமானாலும் இதே கனம், இதே குளிர், இதே தூக்கம்தான். இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை போதும். லிந்துலை வைத்தியசாலையிலோ நுவரெலியா பொது வைத்தியசாலையிலோ கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் தினமும் மனம் இருண்டிருந்தாலோ, அழுகை வந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ விளக்கை நம்பி இருக்க வேண்டாம். மனநல கிளினிக்குக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்த நேரத்திலும் அழையுங்கள். தோட்டத்தில் யார் பார்ப்பார்கள், என்ன சொல்வார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பழைய கொப்பியில் இன்றிலிருந்து தினமும் நாலு விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், வெளியே நின்ற நிமிடங்கள், விளக்கின் முன் இருந்த நிமிடங்கள். மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு புள்ளியும் போடுங்கள், நீங்கள் ஆசிரியை, அது உங்களுக்குக் கைவந்த வேலை. மூன்று கிழமையில் புள்ளி ஏறாவிட்டால் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ஏறினால் செப்டெம்பர் கடைசியில், பருவக்காற்று ஓய்ந்து காலையில் எதிர்மலை தெரியத் தொடங்கும்போது, பலகை விளக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். அடுத்த ஜூன்வரை அது தேவைப்படாது.